அம்பாசடர் விளக்குகள்: ஹாலஜனா, எல்இடியா?

7 அங்குல வட்ட ஹெட்லைட் மங்கினால் எல்லோரும் பல்பைத்தான் திட்டுகிறார்கள். பல வண்டிகளில் குற்றவாளி பழைய வயரிங்.

செலவு: எச்4 ஹாலஜனும் (ஹை பீம், லோ பீம் இரண்டும் ஒரே பல்பில்), பழைய வயரிங்கைத் தவிர்த்து பேட்டரியிலிருந்து நேரே மின்சாரம் தரும் ரிலேயும் மலிவு. உருப்படியான எல்இடி விலை கூடுதல்.

மின்சாரம்: ஹாலஜன் ஹை பீமில் 60, லோ பீமில் 55 வாட் இழுக்கும், ஆல்டர்னேட்டர் இல்லாத பழைய டைனமோ வண்டி ஐட்லிங்கில் திணறும். எல்இடிக்கு அவ்வளவு வேண்டாம்.

வெளிச்சம்: இங்கேதான் வம்பு. பல்பின் ஒளியைச் சாலைக்குத் திருப்பும் ரிஃப்ளெக்டரின் வளைவு ஹாலஜன் இழை இருக்கும் இடத்தை வைத்து அமைத்தது. அதில் எல்இடி பல்பைச் செருகினால் ஒளி சிதறி எதிரே வருபவர் கண் கூசும். ரிஃப்ளெக்டர் கறுத்திருந்தால் எந்தப் பல்பும் உதவாது, முதலில் அதை மாற்றுங்கள்.

இண்டிகேட்டர்: எல்இடி என்றால், விளக்கைச் சிமிட்ட வைக்கும் பிளாஷரையும் மாற்ற வேண்டும், இல்லையேல் சரியாகச் சிமிட்டாது.

இரவுப் பயணம் அதிகமென்றால் ரிலேயோடு ஹாலஜன். டைனமோ வண்டிக்கு பார்க்கிங், பிரேக் விளக்கில் மட்டும் எல்இடி. சிவப்புக் கண்ணாடிக்குள் சிவப்பு எல்இடியே போடுங்கள், வெள்ளை போட்டால் வெளிறித் தெரியும்.