முருங்கை: மொட்டையடிப்பதா, வளர விடுவதா?

எங்கள் கொல்லையில் இரண்டு முருங்கை. ஒன்று பெரியகுளத்து பி.கே.எம்.1 ரகம், விதை போட்டு வந்தது. இன்னொன்று யாரோ கொடுத்த போத்து (கிளைத்துண்டு) நட்டு வளர்ந்த பழைய நாட்டு மரம். அதில் இதுவரை கத்தி பட்டதில்லை.

விதைக்கன்று 75 செ.மீ. வந்ததுமே நுனியைக் கிள்ளிவிட்டேன், பக்கக்கிளை பிரிந்தது. காய்ப்பு ஓய்ந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ. விட்டு அறுத்துவிடுகிறேன். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் பத்து நாளில் பட்டையைப் பிளந்துகொண்டு பச்சைக் குருத்து எட்டிப் பார்க்கும், நாலைந்து மாதத்தில் மறுபடி காய். எல்லாம் கைக்கெட்டும் உயரம். அரிவாளால் கொத்தினால் மரம் சிம்பு சிம்பாகக் கிழியும், கைரம்பம்தான் சரி. வெட்டு சாய்வாக இருந்தால் மழைநீர் தேங்காது.

நாட்டு மரத்தில் வேலையே இல்லை, நிழலும் உண்டு. ஆனால் காய் ஓட்டுக்கு மேலே தொங்கும், துரட்டி வேண்டும். முருங்கை ஏறக் கூடாத மரம் என்பது தெரிந்ததுதானே. அப்புறம் கம்பளிப்பூச்சி! உச்சியில் அடை அடையாக இருந்தால் என்ன செய்ய முடியும்? போன ஐப்பசிக் காற்றில் ஒரு கிளை முறிந்து துணிக்கொடியோடு விழுந்தது.

இந்த வருடம் அதற்கும் ரம்பம்தான்.