மூன்று மாதத்தில் கனடா ஹெல்த் கார்டு என்று சொன்னால் நம்பாதீர்கள்

கனடாவில் மகனோ மகளோ இருந்து, "பேரனைப் பார்க்க வாங்க" என்று கூப்பிடும் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். பணம் போனது என்னுடையது. வெட்கமும் என்னுடையதுதான்.

மகள் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பிராம்ப்டனில் இருக்கிறாள். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, இருக்கிறது. இரண்டாவது பிரசவத்துக்கு நானும் வீட்டுக்காரியும் போகவேண்டியிருந்தது. அல்சூரில் எங்கள் தெருக்காரர் ஒருவர் சொல்லித்தான் அந்த விசா ஏஜெண்டிடம் போனோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. வேலூர்ப் பக்கத்து ஆள். நுழைந்ததும், "வாங்கண்ணா, உக்காருங்க அண்ணி, வெயில்ல வந்திருக்கீங்க" என்று மோர் வரவழைத்தார். முப்பத்தைந்து வருஷம் ஆபீசில் கன்னடமும் இங்கிலீஷும் பேசிப் பிழைத்தவன் நான். ஒருவர் தமிழில் உபசரித்தால் எனக்குப் பாதிக் கண் மூடிக்கொள்ளும்.

நான் கேட்கப் போனது, பிள்ளைகளோடு நீண்ட நாள் தங்கப் பெற்றோருக்குக் கொடுக்கும் சூப்பர் விசாவைப் பற்றி. அதற்குக் குறைந்தது 1,00,000 கனடா டாலருக்கு, ஒரு வருஷத்துக்கு மருத்துவ இன்சூரன்ஸ் காட்டவேண்டும். வீட்டுக்காரிக்குச் சர்க்கரை. பிரீமியத்தைக் கேட்டு எனக்குத்தான் தலை சுற்றியது. ஏஜெண்ட் சிரித்தார். "எதுக்குண்ணா அந்தச் செலவு? சாதா விசிட்டர் விசா போடுவோம், இன்சூரன்ஸே கேக்கமாட்டாங்க. மூணு மாசம் தங்கினா கவர்மென்ட் ஹெல்த் கார்டு வந்துடும். பொண்ணு கார்டுல உங்க பேரைச் சேத்துடலாம். ரிஜிஸ்ட்ரேஷனை நான் இங்கயே முடிச்சுடறேன்." ஆளுக்கு 18,000 ரூபாய், இரண்டு பேருக்கு 36,000. விசா கட்டணம் தனி.

அந்தப் "பேர் சேக்கறது"தான் என்னைக் கவிழ்த்தது. கல்யாணமானால் ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்க்கிறோம், குழந்தை பிறந்தால் குழந்தை பெயரைச் சேர்க்கிறோம். அரசாங்க அட்டை என்றாலே குடும்பத்துக்கு ஒன்று என்பது நமக்கு ஊறிப்போன கணக்கு. மகள் போனில், "அப்பா, நான் அப்படிக் கேள்விப்பட்டதே இல்லையே" என்றாள். "உனக்கென்ன தெரியும், அவர் இதே தொழில்ல இருக்கிறவர்" என்று வாயை அடைத்தேன். இதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

போய்ப் பதினோராவது வாரம். ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுக்காரிக்கு நடுக்கத்தோடு காய்ச்சல். மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் பதிவு செய்யும் பெண் ஹெல்த் கார்டைக் கேட்டாள். ஏஜெண்ட் கொடுத்த தாளை நீட்டினேன். மேலே சிவப்பில் மேப்பிள் இலை, கீழே அவர் ஆபீஸ் முத்திரை. அவள் வாங்கிப் படித்தாள், திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் வெறுமை. ஒன்றும் சொல்லாமல் என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, "பணம் நீங்களே கட்டுகிறீர்களா?" என்று கேட்டாள்.

வைத்தியத்தில் குறையே இல்லை. சிறுநீரகத்தில் தொற்று, இரண்டு ராத்திரி படுக்கை, நரம்பில் மருந்து. பில் 6,840 டாலர். நம் பணத்தில் நாலு லட்சத்துக்கு மேல். மாப்பிள்ளை கார்டைத் தேய்த்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஏஜெண்டுக்குப் போன் போட்டால், "மூணு மாசம் ஆகலையேண்ணா, இன்னும் ரெண்டு வாரம் பொறுத்திருந்தா..." என்கிறார். காய்ச்சலைத் தேதி பார்த்து வரச் சொல்லியிருக்கவேண்டும் போல.

சரி, மூன்று மாதம் முடிந்ததும் ஹெல்த் கார்டு பதியும் மாகாண அரசு அலுவலகமான சர்வீஸ் ஒன்டாரியோ கவுண்டருக்கே போனோம். அங்கிருந்த அம்மாள் பொறுமையாக விளக்கினார். ஒன்டாரியோவின் பொது மருத்துவக் காப்பீட்டுக்கு ஓஹிப் என்று பெயர், ஹெல்த் கார்டு அதன் அட்டை. அதற்குக் குடியுரிமையோ பி.ஆரோ அகதி அந்தஸ்தோ, விதிக்கு உட்பட்ட வேலை பர்மிட்டோ, இப்படி ஏதாவது ஒரு தகுதி இருக்கவேண்டும். ஒன்டாரியோதான் நிரந்தர வீடாகவும் இருக்கவேண்டும், எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாளாவது அங்கே தங்கவேண்டும். சுற்றிப் பார்க்க வந்தவருக்குக் கிடையாது, அவர் எத்தனை மாதம் தங்கினாலும். சூப்பர் விசாக்காரருக்கும் கிடையாது, அதனால்தான் அதற்கு இன்சூரன்ஸ் கேட்கிறார்கள். அட்டை ஆளுக்கு ஒன்று. மகள் அட்டையில் அப்பா பெயரைச் சேர்க்க அதில் இடமே இல்லை. கட்டணமும் இல்லை. நேரில் அசல் ஆவணங்களோடு போகிறவருக்குத்தான் பதிவு. பெங்களூரிலிருந்து யாரும் யாருக்காகவும் "ரிஜிஸ்ட்ரேஷன்" பண்ணமுடியாது.

அப்படியானால் அந்த மூன்று மாதம் எங்கிருந்து வந்தது? அங்கேதான் ஆளின் சாமர்த்தியம். ஒன்டாரியோவில் குடியேறி வருகிறவர்களுக்கு முன்பு மூன்று மாதக் காத்திருப்பு நிஜமாகவே இருந்தது. 2020 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். குடியேறியவர்களுக்கான பழைய விதியை விருந்தாளிகளுக்கு ஒட்டி விற்றிருக்கிறார். முழுப் பொய் என்றால் நானே கண்டுபிடித்திருப்பேன்.

அமெரிக்காவில் பிள்ளை இருப்பவர்களும் கொஞ்சம் கவனியுங்கள். அங்கே கிரீன் கார்டு வாங்கிய பெற்றோருக்கே, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவியான மெடிகெய்டுக்குப் பெரும்பாலும் ஐந்து வருஷக் காத்திருப்பு உண்டு. விசிட்டர் விசாவில் போகிறவர் அந்தப் பேச்சையே எடுக்கவேண்டாம்.

இப்போது விவரம் தெரிந்த பிறகு சொல்கிறேன். கனடா விசா விஷயத்தில் காசு வாங்கி ஆலோசனை சொல்ல உரிமம் உள்ள கன்சல்டண்டுகளின் பட்டியல், அவர்களைக் கண்காணிக்கும் "காலேஜ்" என்ற ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் இருக்கிறது. அவர்களுடைய எண் ஆர் என்ற எழுத்தில் ஆரம்பிக்கும். எங்கள் ஆளைத் தேடினேன், இல்லை. விசிட்டர் விசாவை நாமே போட்டாலும் ஆளுக்கு 100 டாலரும், பயோமெட்ரிக்குக்கு 85 டாலரும்தான். இன்சூரன்ஸை மட்டும் கஞ்சத்தனம் பார்க்காமல், புறப்படுவதற்கு முன்பே எடுங்கள். சர்க்கரை, பி.பி. இருந்தால் பாலிசியில் பழைய நோய் பற்றிய பகுதியை மகனோ மகளோ ஒருமுறை வரிவரியாகப் படிக்கட்டும்.

திரும்பி வந்ததும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. அவருடைய வக்கீல் பதில் போட்டிருக்கிறார்: ரசீதில் "டாக்குமெண்டேஷன் சார்ஜ்" என்றுதான் இருக்கிறது, ஹெல்த் கார்டு என்று எங்கேயும் இல்லையாம். உண்மைதான், நான் ரசீதைப் படிக்கவே இல்லை. ஆனால் வீட்டுக்காரி போனில் எதையும் அழிக்கமாட்டாள். "அண்ணி, மூணு மாசத்துல கார்டு உங்க கையில, நான் கேரண்டி" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்தி அப்படியே இருக்கிறது. அடுத்த மாதம் வாய்தா. எங்களை ஏஜெண்டிடம் அனுப்பிவைத்த அதே தெருக்காரர் சாட்சிக்கு வருகிறேன் என்கிறார். அவர் தம்பியும் 18,000 கட்டிவிட்டு டிக்கெட்டோடு உட்கார்ந்திருக்கிறாராம்.