பாக்டீரியாவா, வைரஸா?

இரண்டையும் ‘கிருமி’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். ஆனால் இரண்டும் வேறு வேறு ரகம். பாக்டீரியா ஒற்றைச் செல்தான், என்றாலும் முழு உயிர். தானே தின்று, தானே இரண்டாகப் பிரியும். சூழல் ஒத்துவந்தால் ஈ.கோலை எனும் பாக்டீரியாவுக்கு அப்படிப் பிரிய 20 நிமிடம் போதும். வைரஸோ இன்னொரு செல்லுக்குள் புகுந்து, அதை வேலை வாங்கித்தான் பெருக முடியும்.

காசநோய், காலரா பாக்டீரியாவின் கைவரிசை. ஜலதோஷம், தட்டம்மை வைரஸுடையது. பென்சிலின் மருந்து, பாக்டீரியாவைச் செல்சுவர் கட்டவிடாமல் தடுக்கிறது. வைரஸுக்கு அந்தச் சுவரே கிடையாது. அப்புறம் ஜலதோஷத்துக்கு அதை விழுங்கி என்ன பயன்?

இயற்கைக்கு உபகாரம் என்றால் என் ஓட்டு பாக்டீரியாவுக்குத்தான். பயறுச் செடியைப் பிடுங்கி, வேரிலுள்ள சிறு முடிச்சைக் கீறிப் பாருங்கள். நன்றாக வேலை செய்யும் முடிச்சு உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அங்கே குடியிருக்கும் ரைசோபியம் எனும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து, செடிக்கு ஏற்ற சத்தாக மாற்றித் தருகிறது. கூலியாகச் செடியிடம் சாப்பாடு வாங்கிக்கொள்கிறது.

சரி, வைரஸும் சும்மா இல்லை. கடலில் பாக்டீரியா பெருகிவழியாமல் நாள்தோறும் கொன்று குறைப்பதில் பேஜ் எனும் வைரஸ்களுக்குப் பெரிய பங்குண்டு.