டர்பனிலிருந்து மொரிசியசுக்கு மாறலாமா? காசு கொடுத்து வாங்கிய ஒப்பீட்டு அறிக்கை பற்றி

வேறு ஊருக்குக் குடிமாற நினைக்கும் குடும்பங்களுக்கு, எந்த ஊரில் வரி எவ்வளவு, வாழ்க்கைச் செலவு எவ்வளவு என்று ஒப்பிட்டு அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் ஆலோசனை நிறுவனங்கள் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இப்போது நிறைய வந்துவிட்டன. அதில் ஒன்றிடம் நாங்களும் வாங்கினோம். பெயர் போடவில்லை, வேறு நிறுவனத்தில் வாங்கிய நண்பரின் அறிக்கையும் கிட்டத்தட்ட இதே அச்சில்தான் இருந்தது, அதனால் இந்த வகைச் சேவைக்கே எழுதும் விமர்சனம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இருப்பது டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட். யோசித்த ஊர்கள் ஜோஹன்னஸ்பர்க், கேப் டவுன், அப்புறம் மொரிசியஸ். எனக்கு அங்கே எபேன் என்ற ஊரில் ஒரு வேலைக்கு அழைப்பு வந்திருந்ததால் மொரிசியஸ்தான் முக்கியமான கேள்வி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாடகை விவரம் உண்மையிலேயே உதவியது. ரோஸ் ஹில், குவாத்ர் போர்ன், கிராண்ட் பே என்று ஊர் ஊராகப் பிரித்து, மூன்று படுக்கையறை வீடு என்றால் என்ன வாடகை என்று போட்டிருந்தார்கள். ரோஸ் ஹில்லில் இருக்கும் நண்பரிடம் கேட்டுப் பார்த்ததில் அது சரியாகவே இருந்தது. சாமான் ஏற்றி அனுப்புகிறவர்களிடம் விலை வாங்கிக் கொடுத்ததும் அவர்களேதான், அதில் குறையே இல்லை. பேசியவரும் பொறுமையானவர், மனைவி கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நின்று பதில் சொன்னார்.

பிரச்சினை வரிப் பக்கத்தில்.

முதல் அட்டவணையில் ‘மாநில வரி’ என்று ஒரு பத்தி. டர்பன், ஜோஹன்னஸ்பர்க், கேப் டவுன் இருக்கும் குவாசுலு-நட்டால், கௌடெங், வெஸ்டர்ன் கேப் மாகாணங்கள் மூன்றுக்கும் நேராக சைபர். இது அமெரிக்காவுக்காக யாரோ செய்த அச்சு என்பது பார்த்தவுடன் தெரிகிறது. அங்கே அந்தப் பத்திக்கு அர்த்தம் உண்டு: டெக்சஸ், புளோரிடா போன்ற இடங்களில் மாநில வருமான வரியே கிடையாது, கலிபோர்னியாவில் அது 13.3 சதவீதம் வரை ஏறுகிறது, டெக்சசில் வருமான வரி இல்லாததை வீட்டு வரியில் பிடித்துக்கொள்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் சம்பளத்துக்கான வரி நாடு முழுக்க ஒன்றே. டர்பனிலிருந்து கேப் டவுன் போனால் சார்ஸுக்கு (தென்னாப்பிரிக்க வரித் துறை) கட்டுவதில் ஒரு சென்ட் கூட மாறாது. மாறுவது நகராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி, தண்ணீர், மின்சாரம், குப்பைக் கட்டணம். இதெல்லாம் ஊருக்கு ஊர் வேறு, ஆண்டுதோறும் ஜூலையில் மாறும், வீட்டின் மதிப்பீடும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். ஒப்பிட வேண்டியதே இதைத்தான். அறிக்கையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. பெட்ரோலும் அப்படித்தான்: கடற்கரைப் பக்கம் ஒரு விலை, உள்நாட்டில் அதைவிடக் கூடுதல், ஜோஹன்னஸ்பர்க் போனால் ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் அது தெரியும். அதையும் காணோம்.

அடுத்த பக்கத்தில் பெரிய எழுத்தில், தென்னாப்பிரிக்கா 45 சதவீதம், மொரிசியஸ் 20 சதவீதம். இதைப் பார்த்துத்தான் பலரும் பெட்டி கட்டத் தொடங்குகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். 2025-26 கணக்கில் 45 சதவீதம் என்பது ஆண்டுக்கு 18,17,000 ராண்டுக்கு மேல் வரும் தொகைக்கு மட்டும். எங்கள் மாதிரி ஆண்டுக்கு 6,00,000 ராண்ட் வாங்குகிறவருக்கு அடுக்கடுக்காகக் கணக்குப் போட்டால் 1,52,867. அதில் எல்லோருக்கும் கிடைக்கும் கழிவு 17,235 போக 1,35,632. மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) கட்டும் நால்வர் குடும்பம் என்றால் மாதம் 1,220 ராண்ட் வரியிலேயே குறைகிறது (முதல் இருவருக்குத் தலா 364, மற்றவர்களுக்குத் தலா 246), ஆண்டுக்கு 14,640. கடைசியில் கட்டுவது 1,20,992, அதாவது சம்பளத்தில் 20 சதவீதம் சொச்சம். 45 எங்கே, 20 எங்கே! இந்த மெடிக்கல் எய்ட் கழிவு அறிக்கையில் எந்த மூலையிலும் இல்லை. ஓய்வூதிய நிதிக்குக் கட்டுவதில் வருமானத்தின் 27.5 சதவீதம் வரை வரிக் கழிவு உண்டு என்பதும் இல்லை.

மொரிசியசில் அதே ஆண்டுக் கணக்குப்படி முதல் 5,00,000 மொரிசியஸ் ரூபாய்க்கு வரி இல்லை, அடுத்த 5,00,000-க்கு 10 சதவீதம், அதற்கு மேல் 20. ஒரு ராண்டுக்கு இரண்டரை ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 6,00,000 ராண்ட் என்பது 15,00,000 ரூபாய். வரி 1,50,000, சரியாக 10 சதவீதம். அதோடு மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவரிடம் சமூகப் பங்களிப்பாக 3 சதவீதம் பிடிப்பார்கள். எல்லாம் சேர்த்து 13 சதவீதம். ஆக மொரிசியசில் வரி குறைவு என்பது உண்மை. வித்தியாசம் 25 சதவீதம் அல்ல, 7 சதவீதம்.

இதுவும்கூட அதே சம்பளம் கிடைத்தால்தான். அறிக்கை என் டர்பன் சம்பளத்தை அப்படியே ரூபாயாக மாற்றி, அதன் மீது மொரிசியஸ் வரியைப் போட்டு, மிச்சம் இவ்வளவு என்று காட்டியது. எபேனில் எனக்குச் சொன்ன சம்பளம் மாதம் 95,000 ரூபாய், ஆண்டுக்கு 11,40,000. அதற்கு வரி 78,000, சமூகப் பங்களிப்பு சுமார் 34,000. கையில் நிற்பதை ராண்டாக மாற்றினால் 4,11,000. இங்கே இப்போது கையில் நிற்பது ஏறக்குறைய 4,79,000. சம்பளத்தில் வரிக்குப் போகும் பங்கு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தும் கையில் 68,000 ராண்ட் குறைகிறது! இந்த ஒரு கணக்குக்காகத்தான் நான் காசு கொடுத்தேன், அதைக் கடைசியில் நானே சமையல் மேசையில் உட்கார்ந்து போட வேண்டியதாயிற்று. என் சம்பள அழைப்புக் கடிதத்தை முன்கூட்டியே அவர்களுக்கு அனுப்பியிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செலவுப் பட்டியல் யாருடைய வீட்டுக்காகச் செய்தது என்று தெரியவில்லை. மாட்டிறைச்சி, ஒயின், ஜிம் கட்டணம், இருவர் உணவகத்தில் சாப்பிட ஆகும் செலவு. அரிசி ஒரு வரி இருந்தது, பருப்பு இல்லை, எண்ணெய் இல்லை. இரண்டு நாட்டிலும் வாட் (மதிப்புக் கூட்டு வரி) 15 சதவீதம், எனவே சமம் என்று ஒரு குறிப்பு வேறு. நம் வீட்டுச் சாமான் வாங்கிய பில்லை எடுத்துப் பாருங்கள்: அரிசி, மைசூர்ப் பருப்பு, காய்கறி, பால், முட்டை, சமையல் எண்ணெய், எதற்குமே இங்கே வாட் கிடையாது. நெய், மசாலா, பிஸ்கட், சோப்பு என்று வரும்போதுதான் 15 சதவீதம் ஏறுகிறது. சமைத்துச் சாப்பிடும் குடும்பத்துக்கு 15 என்ற ஒற்றை எண்ணை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. மொரிசியசில் அரசு வர்த்தகக் கழகம் இறக்குமதி செய்யும் ரேஷன் அரிசி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, சமையல் கேஸ் விலையையும் அரசுதான் கட்டுப்படுத்துகிறது. மற்றபடி பெரும்பாலான பொருள் கப்பலில் வந்து இறங்க வேண்டிய தீவு அது. காய்கறிக்கு இங்கே வெருலம் பக்கம் கொடுக்கும் விலையில் அங்கே வாங்க முடியாது என்று நண்பரின் மனைவி அடித்துச் சொல்கிறார், சந்தைக்கு வாராவாரம் போகிறவர், நான் அவரை நம்புகிறேன்.

இன்னொரு பக்கம், டர்பனில் இருப்பதற்கே ஆகும் செலவை அறிக்கை எண்ணவே இல்லை. அலாரம், ஆயுதக் காவல் நிறுவனத்துக்கு மாதச் சந்தா, மின்வேலி, அதற்கேற்ற காப்பீடு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை; அதற்கப்புறம் இந்தப் பக்கம் தொட்டி வைக்காத வீட்டைப் பார்ப்பது அரிது. தொட்டி, பம்ப், மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் எல்லாம் நம் கைக்காசு. அரசு கொடுக்க வேண்டியதை நாம் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்றால் அதுவும் வரிதான். அந்த வகையில் மொரிசியசுக்கு நியாயமாகச் சேர வேண்டிய மதிப்பெண்ணை இந்த அறிக்கை கொடுக்கத் தவறிவிட்டது. ரோஸ் ஹில்லில் இருந்தால் மெட்ரோவிலேயே எபேன் போய்விடலாம், ஒரு கார் போதும். அங்கே கார் விலை தீர்வையால் ரொம்பக் கூடுதல் என்பதால் இது சின்ன விஷயம் அல்ல. அங்குள்ள அரசு ஆரம்பப் பள்ளிகளில் தமிழ் ஒரு பாடமாக இருக்கிறது என்பதை எந்தப் பத்தியில் போடுவது என்று எனக்கும் தெரியவில்லை, ஆனால் எங்கள் வீட்டுப் பேச்சில் அது வாடகைக்கு அடுத்தபடியாக வந்தது.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது வெளியேறும் செலவில். அறிக்கை முழுக்க அங்கே போனால் என்ன ஆகும் என்றுதான் இருக்கிறது, இங்கிருந்து கிளம்பினால் என்ன ஆகும் என்பது இல்லவே இல்லை. தென்னாப்பிரிக்க வரிக் குடியுரிமையை (பாஸ்போர்ட் அல்ல, வரிக் கணக்கில் இங்கே வசிப்பவர் என்ற நிலை) விட்டால், விடுவதற்கு முந்தின நாள் நம் சொத்துகளைச் சந்தை விலைக்கு விற்றுவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், அந்த லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. இங்குள்ள வீடும் நிலமும் இதில் வராது. பங்குகளும் முதலீட்டு நிதிகளும் வரும். வெளிநாட்டில் இருக்கும் நிலமும் வரும். நம்மில் எத்தனை பேருக்கு வெளிநாட்டில் சொந்த ஊரில் அப்பா விட்டுப்போன வயலோ வீடோ இருக்கிறது! கையில் ஒரு ரூபாய் வராமலே அதன் மதிப்பேற்றத்துக்கு சார்ஸ் வரி கேட்கும் என்பதைக் குடிமாறும் ஆளுக்குச் சொல்லாமல் விடலாமா? ஓய்வூதிய சேமிப்பும் அப்படியே. 2021 மார்ச் முதல், வரிக் குடியுரிமை போய்த் தொடர்ந்து மூன்று ஆண்டு ஆனால்தான் ரிடயர்மென்ட் ஆனுவிட்டியை (தனிநபர் ஓய்வூதியச் சேமிப்பு) முன்கூட்டி முழுதாக எடுக்க முடியும். அந்தப் பணத்தை வைத்து அங்கே அட்வான்ஸ் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருப்பவர் நடுவழியில் நிற்பார். கிளம்பியபின் இங்குள்ள வீட்டை 20 லட்சம் ராண்டுக்கு மேல் விற்றால், வாங்குகிறவர் விலையில் 7.5 சதவீதத்தைப் பிடித்து முதலில் சார்ஸுக்குக் கட்ட வேண்டும். கடைசிக் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் நம் கையில் இல்லை. வீட்டை எப்போது விற்பது என்பதே இதைப் பொறுத்தது.

வரிக் குடியுரிமையை விடாமல் அங்கே போய் வேலை பார்ப்பவருக்கு, 12 மாதத்தில் 183 நாளுக்கு மேல் வெளியே இருந்து, அதில் 60 நாளுக்கு மேல் தொடர்ச்சியாகவும் இருந்தால், வெளிநாட்டுச் சம்பளத்தில் 12,50,000 ராண்ட் வரை இங்கே வரி இல்லை. எங்கள் சம்பளத்துக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுக்கு இதுவே போதும், எதையும் விட வேண்டியதில்லை. இவ்வளவு பெரிய வழி இருப்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். வரி ஆலோசனை எங்கள் வேலைக்குள் வராது என்று பதில் வந்தது. வராது என்றால் 45, 20 என்று அவ்வளவு பெரிதாகப் போடக் கூடாது என்பதுதான் என் கருத்து. திருத்திய அறிக்கை கேட்டதற்கு ‘மாநில வரி’ பத்தியை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே திருப்பி அனுப்பினார்கள்.

வாடகை விவரத்துக்கும் சாமான் அனுப்பும் ஏற்பாட்டுக்கும் ஐந்தில் நான்கு தருவேன், வரிப் பகுதிக்கு ஒன்று. கல்யாணம் ஆகாமல், சொத்து எதுவும் இல்லாமல், முதல் வேலைக்காகப் போகிற பையனோ பெண்ணோ என்றால் வாடகைப் பக்கத்துக்காக மட்டும் வாங்கலாம். வீடு, ஓய்வூதியம், ஊரில் நிலம் என்று எது இருந்தாலும் அந்தக் காசை முதலில் சார்ஸில் பதிவு பெற்ற வரி ஆலோசகர் ஒருவரிடம் கொடுங்கள்; கையில் உங்கள் கடைசி ஐஆர்பி5 (முதலாளி தரும் வரிச் சான்றிதழ்), மெடிக்கல் எய்ட் சான்றிதழ், அங்கிருந்து வந்த சம்பளக் கடிதம், ஊர் நிலத்தை நீங்கள் பெற்ற தேதியும் அன்றைய மதிப்பும் இருக்கட்டும். எபேன்காரர்களிடம் நாங்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டிருக்கிறோம். மாதம் 1,15,000 ரூபாய்க்கு வந்தால் கையில் நிற்பது இங்கே உள்ளதை ஒட்டி வந்துவிடுகிறது, அப்படியானால் பள்ளி விடுமுறையில் கிளம்புவோம்.