செங்கோட்டை மிக்ஸி அண்ணாச்சி கடை: வேலை சுத்தம், சொன்ன தேதியை மட்டும் நம்பாதீர்கள்

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேருக்கு எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் கைகாட்டுவது ஒரே கடையைத்தான். பெயர்ப் பலகை கிடையாது. சங்கு முத்திரை போட்ட பழைய திருவிதாங்கூர் வளைவைத் தாண்டி ஊருக்குள் வந்து, மிக்ஸி அண்ணாச்சி கடை எது என்று எந்த ஆட்டோக்காரரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார். உள்ளே இரண்டு பேர் நிற்க இடம் இருந்தால் அதிகம், மீதி எல்லாம் மோட்டாரும் ஜாரும்தான்.

எங்கள் வீட்டு 750 வாட்ஸ் மிக்ஸி தேங்காய் அரைக்கும்போது அடியில் பொறி பறந்து, கருகல் வாடை அடித்து நின்றுவிட்டது. முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் கொண்டு போனேன். திறந்துகூடப் பார்க்காமல் பழைய மாடல், ஸ்பேர் வராது, எக்ஸ்சேஞ்சில் புதுசு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அண்ணாச்சி அடித்தட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “மோட்டார் நல்லா இருக்கு தம்பி, கார்பன்தான் தேஞ்சு போச்சு, இதப் போயி தூரப் போடச் சொன்னாவளா?” என்றார். கார்பன் ஒரு ஜோடி, கூலி எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. இப்போது இட்லிப் பொடி வரைக்கும் அதில்தான் ஓடுகிறது.

இந்தக் கார்பன் சமாசாரத்தைத் தெரிந்துகொண்டால் நிறைய மிக்ஸி பிழைக்கும். மிக்ஸி மோட்டார் நிமிடத்துக்கு 18,000 சுற்று வரைகூடச் சுற்றக்கூடியது. அந்த வேகத்தில் சுற்றுகிற கம்யூட்டேட்டர் (மோட்டார் தண்டில் இருக்கிற செம்பு வளையம்) மேல் இரண்டு கார்பன் கட்டைகள் ஸ்பிரிங் அழுத்தத்தில் உரசிக்கொண்டே ஆர்மேச்சருக்கு, அதாவது தண்டோடு சுற்றுகிற கம்பிச் சுருளுக்கு, கரண்ட் கொடுக்கின்றன, அப்படி உரசுகிற பொருள் தேயாமல் எப்படி இருக்கும்? குட்டையானதும் பிடிமானம் போய்ப் பொறி பறக்கும், அதைக் கவனிக்காமல் ஓட்டினால் கம்யூட்டேட்டரும் கருகி ஆர்மேச்சரே போய்விடும். அதாவது பொறி பறந்த அன்றைக்கே கொண்டு போனால் சில்லறைச் செலவு, இழுத்தடித்தால் காயில் கட்டும், அதாவது மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றும் செலவு. ஜாருக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கிற கப்ளரும் இதே மாதிரிதான். அதை ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ செய்வது, ஜார் இறுகிக்கொண்டால் அந்த மலிவான துண்டு முதலில் உடைந்து மோட்டார் தப்பட்டும் என்பதற்காகவும்தான். நம் ஆட்கள் அது உடைந்த உடனே மிக்ஸி ஆயுள் முடிந்தது என்று எக்ஸ்சேஞ்ச் மேளாவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள்!

அண்ணாச்சியிடம் எனக்குப் பிடித்தது, மாற்றிய பழைய உருப்படியைக் கையில் கொடுத்துவிடுவார், எது போனது, ஏன் போனது என்றும் சொல்லிவிடுவார். செய்ய முடியாததைச் செய்கிறேன் என்று வாங்கி வைக்கவும் மாட்டார். கேரளத்து ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் உண்டு, ஒருவர் வாங்கி அதிக நாள் ஆகாத மிக்ஸியைக் கொண்டுவந்தபோது உள்ளே பார்த்துவிட்டு “சேட்டா, இது சரியாவில்லா” (அண்ணா, இது சரியாகாது) என்று மலையாளத்திலேயே சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். செம்புக் கம்பிக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றிய மோட்டார், எரிந்து போயிருந்தது. பாடியில் ஸ்க்ரூவுக்குப் பதில் பிளாஸ்டிக் லாக், திறக்கும்போதே இரண்டு முறிந்துவிட்டன. ஆனால் 2011-ல் தொடங்கிய திட்டத்தில் வீடு வீடாக வந்த விலையில்லா மிக்ஸிகள் இன்னும் இந்தக் கடைக்கு வருகின்றன, ஜாரில் பிளேடு தண்டைத் தாங்குகிற புஷ் மாற்றிக்கொண்டு திரும்பவும் போகின்றன. ஓசி மிக்ஸி என்று கிண்டல் செய்தவர்கள் ஒரு நடை வந்து பார்க்கலாம்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டு, அந்த டிசம்பரிலேயே இணையதளமும் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் ஐந்தாறு வருஷம் கழித்து ஸ்பேர் கடைக்கு வருமா என்பதுதான் என் கேள்வி. அண்ணாச்சி மாதிரி ஆட்கள் செத்த மிக்ஸியைக் கிலோ கணக்கில் வாங்கி, அதிலிருந்து கழற்றிப் போட்டுத்தான் பழைய மாடல்களை ஓட வைக்கிறார்கள்.

இனி குறைகள். செவ்வாய்க்கிழமை வாங்க என்றால் வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் சாரல் காலத்தில் இன்னும் மோசம். ஜூன் பிறந்து கணவாய் வழியாக ஈரக்காற்று வர ஆரம்பித்ததும், மூலையில் கிடந்த கிரைண்டர்கள் எல்லாம் பேரிங் துருப்பிடித்து வரிசையில் வந்துவிடும். பில் கிடையாது, கியாரண்டி வாய்வார்த்தைதான். எனக்கு ஜார் மூடிக்குப் போட்டுக் கொடுத்த வாஷர் அளவு சரியில்லை, சட்னி ஒழுகியது, இரண்டாவது தடவை போய்த்தான் மாற்றினேன். முணுமுணுக்காமல் மாற்றிக் கொடுத்தார், காசும் கேட்கவில்லை, ஆனாலும் அலைச்சல் அலைச்சல்தான். பிளேடு சாணை பிடிப்பதற்கு இங்கே கொடுக்க வேண்டாம், சுமார்தான். கிரைண்டர் கல் கொத்துவதற்கு வேறு ஆளைச் சொல்வார், அவரிடம் போங்கள்.

காயில் கட்ட வேண்டியிருந்தால் செம்புக் கம்பியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், கேட்டால் கம்பியைச் சுரண்டியே காட்டுவார். மோட்டாரை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், ஜாரும் மூடியும் சேர்த்துக் கொண்டு போங்கள், பாதி நேரம் கோளாறு ஜார் புஷ்ஷில்தான் இருக்கும். அது லூசானால் தண்ணீர் கசிந்து மோட்டாருக்குள் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை லீவு. போனை எடுக்க மாட்டார், நேரில் போவதுதான் வழி.