எங்கள் சில்லர் அறைக்கு வந்த தணிக்கையாளர்கள்

சிங்கப்பூரில் லேவண்டர் பக்கம் 14 மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றுக்கு நான் மேலாளர். 1994-ல் கட்டியது, மொத்தத் தளப்பரப்பு 16,000 சதுர மீட்டர். போன ஆண்டு தீபாவளியை ஒட்டி இதற்கு எரிசக்தித் தணிக்கை செய்து கொடுத்த ஒரு சின்ன நிறுவனத்தைப் பற்றி எழுதுகிறேன். ஒப்பந்ததாரர் பெயரை வெளியே போடக்கூடாது என்பது உரிமையாளர் தரப்பின் விதி. அதனால் பெயர் மட்டும் வராது, மற்றதெல்லாம் சொல்கிறேன். இந்தத் துறையில் மேலாளராகவும் டெக்னிஷியனாகவும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம், அவர்களுக்கு உதவும்.

எங்களுக்கு இருந்த நெருக்கடி இதுதான். எரிசக்தி மேம்பாட்டைக் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தம் 2024 நவம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2025-ல் நடப்புக்கு வந்தது. 5,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களில், சதுர மீட்டருக்கு இத்தனை யூனிட் என்ற வரம்பைத் தொடர்ந்து தாண்டுகிறவற்றுக்குக் கட்டட, கட்டுமான ஆணையத்திடமிருந்து நோட்டீஸ் வரும். வந்தால் தணிக்கை செய்து, பயன்பாட்டை 10 விழுக்காடு குறைத்துக் காட்ட வேண்டும். எங்கள் கணக்கு ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 268 கிலோவாட்-மணி, அதாவது 268 யூனிட். அதில் 10 விழுக்காடு என்றால் கிட்டத்தட்ட 4,29,000 யூனிட். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு என்று வைத்தால் ஆண்டுக்கு 170 டன். நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருக்க எனக்கு மனமில்லை.

என் அக்கா மகன் நியூயார்க்கில் இதே வேலையில் இருக்கிறான். அங்கே 2019-ல் வந்த சட்டம், 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குக் கரிமத்தை டன் கணக்கிலேயே வரம்பு கட்டுகிறது. முதல் வரம்பு 2024-ல் தொடங்கியது. தாண்டுகிற ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம். அவனுக்குப் பெரிய தலைவலி, கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லர். நமக்குக் குளிர்காலமும் இல்லை, பாய்லரும் இல்லை. நம் கட்டடங்களின் கரிமம் பெரும்பாலும் மின்கம்பி வழியாகத்தான் வருகிறது, மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் உற்பத்தியாகிறது. அதனால் இங்கே எல்லாம், குளிர்சாதனத்துக்கான நீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர் இருக்கும் அறையில் வந்து நிற்கிறது.

மூன்று இடத்தில் விலை கேட்டேன். 6,800 வெள்ளி, 14,500 வெள்ளி, 24,000 வெள்ளி. அதிக விலை கேட்டவர்கள் கட்டடத்துக்குள் கால் வைக்காமலேயே, 25 விழுக்காடு குறைத்துத் தருகிறோம் என்று போனிலேயே உறுதி சொன்னார்கள். நடுவில் இருந்தவர்கள் மட்டும், "அளந்து பார்க்காமல் எந்த எண்ணும் சொல்ல மாட்டோம், சார்" என்றார்கள். வேலையை அவர்களிடம் கொடுத்தேன்.

அப்படிக் கொடுக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. 2015-ல் சில்லர் மாற்றியதிலிருந்து எங்கள் குளிர்சாதன அமைப்புக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை கட்டாயம். போன முறை வந்த வேறொரு நிறுவனம் ஒரு பிற்பகல் முழுக்க கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த எண்களைப் படம் பிடித்துக்கொண்டு போனது. அறிக்கையில் எல்லாம் நலம் என்றிருந்தது, மின்கட்டணமோ ஏறிக்கொண்டே போனது. அந்த மூன்று ஆண்டு வீணானது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

இவர்கள் வந்த முதல் நாளே தங்கள் சென்சார்களைக் கொண்டுவந்தார்கள். குழாயில் வெப்பமானி செருகும் இடங்களில் இரண்டு துருப்பிடித்துக் கிடந்தன, அவற்றை மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை சில்லரை நிறுத்த வேண்டியதாயிற்று. தீபாவளி விடுமுறை வந்த வாரத்தில் அளக்க மறுத்துவிட்டார்கள். கட்டடத்தில் பாதிப்பேர் இல்லாத வாரத்தின் எண்களை வைத்து ஆண்டுக் கணக்குப் போட முடியாது என்றார்கள். அடுத்த வாரம் ஏழு நாளும் நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்தார்கள்.

வெப்பச் சமன்பாட்டை அவர்கள் விளக்கிய விதம் எனக்குப் பிடித்தது. குளிர்ந்த நீர் கட்டடத்திலிருந்து வாங்கி வரும் வெப்பத்தோடு சில்லர் தின்னும் மின்சாரத்தைக் கூட்டினால், வெப்பத்தை வெளிக்காற்றில் விடும் கூலிங் டவர் பக்கம் வெளியேறும் வெப்பத்துக்குச் சமமாக வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு மீட்டர் பொய் சொல்கிறது என்று அர்த்தம். 100 அளவீட்டில் குறைந்தது 80, 5 விழுக்காடு வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு நாள் அது வரவில்லை. குழாயில் ஓடும் நீரை அளக்கும் பழைய ஃப்ளோ மீட்டர்தான் தவறு என்று கண்டுபிடித்து, அந்த இரண்டு நாள் தரவையும் தள்ளிவிட்டு, மறுபடி தொடங்கினார்கள். அதற்குக் கூடுதல் பணம் கேட்கவில்லை.

புதிதாக இருந்தபோது ஒரு டன் குளிருக்கு (இங்கே டன் என்பது எடை அல்ல, குளிர்விக்கும் திறனின் அளவு) 0.68 கிலோவாட் எடுத்த அமைப்பு இப்போது 0.84 எடுக்கிறது என்று தெரிந்தது. ஏன் என்ற கேள்விக்குத்தான் உண்மையான வேலை நடந்தது.

அந்தக் குழுவின் எஞ்சினியர் நம் தமிழ்ப் பெண். இரவு நிலவரம் பார்க்க அதிகாலை 3 மணிக்கு வந்திருந்தார். எங்கள் சில்லர் அறையில் 11 ஆண்டாக இருக்கும் டெக்னிஷியன் தஞ்சாவூர்க்காரர். அந்தப் பெண் வாங்கி வைத்திருந்த தே-ஓவை (பால் சேர்க்காத தேநீரை) அவர் கையில் கொடுத்துவிட்டு, "அண்ணே, இந்த மெஷின்ல உங்களுக்கு எது உறுத்துது?" என்று கேட்டார். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு டூல்ஸ் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அதில் தமிழில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார்: ஆறாம் மாடி வால்வு முழுக்க மூடுவதில்லை, மூன்றாம் டவரில் தண்ணீர் ஒரு பக்கமாக விழுகிறது, ஒன்பதாம் மாடியில் ஆள் இல்லை ஆனால் காற்று ஓடுகிறது. நான்கு ஆண்டுக் குறிப்பு. நான் மேலாளர், தமிழ் படிக்கத் தெரிந்தவன், அந்த நோட்டை ஒரு நாளும் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை. அந்தப் பெண் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாப் பக்கத்தையும் படித்தார்.

அண்ணன் எழுதியது ஒவ்வொன்றும் அளவீட்டில் வந்து நின்றது. ஆறாம் மாடி வால்வு வழியாகக் குளிர்ந்த நீர் வேலை செய்யாமலேயே திரும்பிக்கொண்டிருந்தது. போகிற தண்ணீருக்கும் திரும்புகிற தண்ணீருக்கும் 5.5 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டிய இடத்தில் 3.4-தான் இருந்தது. அதை ஈடுகட்ட பம்ப் எல்லாம் முழு வேகத்தில் 50 ஹெர்ட்ஸில் ஓடின. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி எல்லாப் பம்ப்பிலும் இருக்கிறது, யாரோ எப்போதோ கையால் பூட்டிவைத்துவிட்டார்கள். 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் பம்ப் எடுக்கும் மின்சாரம் ஏறத்தாழ பாதியாகிவிடும். ஒன்பதாம் மாடியில் வாடகைக்காரர் காலி செய்து எட்டு மாதம், அவர்களுக்காகப் போட்டுக்கொடுத்த இரவு நேர அட்டவணையை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

குறையும் உண்டு. அறிக்கை சொன்ன தேதிக்கு மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. 140 பக்கம். உரிமையாளர் குழுவுக்குக் காட்ட நானே இரண்டு பக்கத்தில் சுருக்கி எழுதிக்கொண்டேன். சென்சார் பொருத்தும் செலவு 2,100 வெள்ளி விலைப்பட்டியலில் சின்ன எழுத்தில் தனியாக இருந்ததை நான் கவனிக்கவில்லை, அதை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். வாடகைக்காரர்களின் சர்வர் அறைகளைப் பற்றி ஒரு பத்தியோடு நிறுத்திவிட்டார்கள். எங்கள் மின்சாரத்தில் கணிசமான பங்கு அங்கே போகிறது, அதைப் பற்றி இன்னும் ஆழமாகப் பேச வேண்டும் என்று அவர்களிடமே சொன்னேன். ஒத்துக்கொண்டார்கள்.

ஆனால் அறிக்கையின் கடைசி இணைப்பில் அண்ணனின் நோட்டிலிருந்து நான்கு பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டு, கீழே ஆங்கிலத்தில் பொருள் எழுதி, அவர் கவனித்த தேதியையும் தாங்கள் அளந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்திருக்கிறார்கள். உரிமையாளர் குழுக் கூட்டத்தில் அந்தப் பக்கங்களைத்தான் எல்லோரும் அதிக நேரம் பார்த்தார்கள். அண்ணனை நேரில் கூப்பிட்டு விவரம் கேட்டார்கள்.

யாரை அமர்த்தலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: சொந்த சென்சார் கொண்டுவருவார்களா, இரவில் வருவார்களா, சமன்பாடு வராத தரவை என்ன செய்வார்கள் என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். உங்கள் சில்லர் அறை ஆளோடு தனியாகப் பேச நேரம் ஒதுக்குவார்களா என்பதையும் கேளுங்கள்.

வால்வை மாற்றியாகிவிட்டது, பம்ப்புகளைத் தானியங்கிக்குத் திருப்பியாகிவிட்டது, ஒன்பதாம் மாடி இரவில் அணைந்திருக்கிறது. இதுவரை சேர்ந்தது 7 விழுக்காடு. மீதி மூன்றுக்கு மூன்றாம் டவரின் உள்பாகத்தையும் பழைய காற்றாடிகளையும் மாற்ற வேண்டும், விலை கேட்டிருக்கிறோம். அண்ணன் நோட்டில் இப்போது ஒரு புதுக் கட்டம் கோடு போட்டிருக்கிறார், தினமும் காலை பத்து மணிக்கு டன்னுக்கு எத்தனை கிலோவாட் என்று எழுதுகிறார். இன்று எழுதியது 0.73.