ரெண்டு ஏஏ செல்லா, லித்தியம் பேட்டரியா?

எங்கள் குடும்பத்தில் இரண்டு சின்னக் கேமரா புழக்கத்தில் இருக்கிறது, இரண்டுமே 2012-இல் வந்த மாடல். ஒன்று பெரியப்பாவின் கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்160 ஐஎஸ்: 16 மடங்கு ஜூம், கைப்பிடிக்குள் இரண்டு ஏஏ செல். இன்னொன்று நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய சோனி ஆர்எக்ஸ்100, அதற்குள் என்பி-பிஎக்ஸ்1 என்ற பிஸ்கட் துண்டு அளவு லித்தியம் அயான் பேட்டரி. படத்தின் தரத்தில் இரண்டுக்கும் போட்டியே கிடையாது, சோனிதான், அதை விடுங்கள். பழைய டிஜிட்டல் கேமராவைத் தேடிப் பிடித்து வாங்கும் ஆசை இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது, எல்லோரும் மெகாபிக்சலைக் கேட்கிறார்கள், நிறம் எப்படி வரும் என்று கேட்கிறார்கள், உள்ளே என்ன பேட்டரி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி வாங்கி மூன்று மாதம் கழித்து வருகிறது.

போன வருடம் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. ஆசாரி ஊசியை எடுக்கிறார், குழந்தை வீறிட ஆரம்பிக்கிறது, பெரியப்பாவின் கேமரா லென்ஸை முழுசாக நீட்டிக்கொண்டு அப்படியே உயிரை விட்டது. "டேய், ஓடிப் போய் ரெண்டு செல் வாங்கிட்டு வாடா!" பெட்டிக்கடையில் இருந்தது ஹெவி டியூட்டி என்று அச்சடித்த செல்தான். "பெரியப்பா, இது டிவி ரிமோட்டுக்குப் போடறது, கேமரா தாங்காது" என்றேன். "போட்டுப் பாரேன்டா" என்றார். போட்டோம். லென்ஸ் உள்ளே போனது, திரும்ப வெளியே வந்தது, ஒரு ஃபிளாஷ் அடித்தது, அவ்வளவுதான். பெயரில் மட்டும்தான் ஹெவி, அது கார்பன்-துத்தநாகச் செல், அந்த வகையிலேயே அடிமட்டம்.

அதனால் முதலில் கழித்துக் கட்ட வேண்டியது இந்தப் பயன்படுத்தி எறிகிற செல்களை. ஆல்கலைன் கொஞ்சம் மேல், ஆனாலும் கேமராவுக்கு அது ஆகாது. எஸ்எக்ஸ்160-க்குக் கேனான் கொடுத்த கணக்கே இதைச் சொல்லிவிடும்: கூட வரும் ஆல்கலைனில் சுமார் 140 படம், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடில் சுமார் 380. ஆல்கலைன் புதிதாக இருக்கும்போது 1.5 வோல்ட், நிக்கல் செல் 1.2 வோல்ட்தான், அப்படியிருந்தும் குறைந்த வோல்ட் உள்ளதுதான் ஜெயிக்கிறது. காரணம் உள்தடை, அதாவது செல்லே தனக்குள் மின்சாரத்துக்குப் போடும் தடை. ஜூம் மோட்டார் சுற்றும்போதும் ஃபிளாஷ் சார்ஜ் ஏறும்போதும் கேமரா ஒரே மூச்சில் நிறைய மின்சாரத்தை உறிஞ்சும், அந்த இழுப்பில் ஆல்கலைனின் வோல்டேஜ் சடாரென்று கீழே இறங்கும், கேமராவோ செல் தீர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி அணைந்துவிடும். உண்மையில் தீர்ந்திருக்காது. பெரியப்பாவின் கேமரா தூக்கிப்போட்ட ஆல்கலைன் செல் ஒன்று எங்கள் சுவர்க் கடிகாரத்தில் எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இது போதாதென்று, உள்ளேயே மறந்துவிட்டால் ஆல்கலைன் கசியும். ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்துப்போய், சில இடத்தில் பச்சையாக, அதை வினிகர் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஒரு மணி நேரம் தேய்த்து எடுத்த அனுபவம் எனக்கு உண்டு. கசிவது காரம் என்பதால் புளிப்புக்குக் கரையும்.

சரி, உண்மையான போட்டி நிக்கல் ஏஏ-க்கும் லித்தியம் அயானுக்கும். லித்தியம் என்றால் பல மடங்கு தாங்கும் என்று ஒரு நினைப்பு எல்லோருக்கும் இருக்கிறது, எனக்கும் இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். எனலூப் என்ற பிராண்டின் ரீசார்ஜ் செல் ஒன்று 1.2 வோல்ட், கொள்ளளவு 2000 எம்ஏஹெச் (மில்லிஆம்பியர்-மணி), இரண்டையும் பெருக்கினால் உள்ளே இருக்கும் மொத்தச் சக்தி வாட்-மணியில் வரும், அப்படி இரண்டு செல் சேர்ந்தால் 4.8 வாட்-மணி. சோனி பேட்டரி 3.6 வோல்ட், 1240 எம்ஏஹெச், சுமார் 4.5 வாட்-மணி. கிட்டத்தட்ட ஒரே அளவு! வித்தியாசம் எடையில்: இரண்டு ஏஏ சேர்ந்து ஐம்பது கிராமுக்கு மேல், லித்தியம் அதில் பாதி. இடமும் குறைவாகவே பிடிக்கும், ஆர்எக்ஸ்100 சட்டைப் பையில் போவதற்கு அதுவும் ஒரு காரணம். படக் கணக்கிலும் சோனிக்கு 330, கேனானுக்கு 380.

இந்த எண்கள் சிபா என்ற ஜப்பானியக் கேமரா தயாரிப்பாளர் சங்கத்தின் விதிப்படி எடுத்தவை. முப்பது நொடிக்கு ஒரு படம், ஒன்று விட்டு ஒன்றுக்கு ஃபிளாஷ், ஒவ்வொரு படத்துக்கும் ஜூம் அசைய வேண்டும், பத்துப் படத்துக்கு ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். நம்மில் யாரும் அப்படி எடுப்பதில்லை. ஃபிளாஷே போடாமல் தெருவில் எடுத்தால் 330 என்பது தாராளமாக ஐந்நூறைத் தொடும், கல்யாண வீட்டில் எடுத்த ஒவ்வொன்றையும் பத்துப் பேருக்குத் திரையில் காட்டிக்கொண்டிருந்தால் இருநூறுக்கே மூச்சு வாங்கும். இரண்டு கேமராவை ஒப்பிட மட்டும் அந்த எண் உதவும்.

ஆகவே எது அதிகப் படம் எடுக்கும் என்பதை விட, மூன்று மாதம் அலமாரியில் கிடந்த பிறகு எடுத்தால் என்ன ஆகும் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழைய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு இதில் மகா மோசம், சும்மா வைத்திருந்தாலே மாதத்துக்கு இருபது முப்பது சதவீதம் தானாக வடிந்துவிடும், நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக. ரீசார்ஜ் செல் என்றாலே ஏமாற்று என்று பெரியப்பா பல வருடம் நம்பியதற்கு இதுதான் காரணம், அவரைக் குறை சொல்ல முடியாது. 2005 நவம்பரில் சான்யோ எனலூப்பைக் கொண்டுவந்தபோதுதான் இது மாறியது, பிறகு அந்தப் பெயர் பானசோனிக் கைக்குப் போனது. இப்போதைய சாதா எனலூப் பத்து வருடம் கழித்தும் 70 சதவீதம் வைத்திருக்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. பத்து வருடம் நான் சோதிக்கவில்லை, ஆறு மாதம் டிராயரில் கிடந்த செல்லைப் போட்டு ஒரு திருவிழா முழுக்க எடுத்திருக்கிறேன். கறுப்பு நிற ப்ரோ ரகம் 2500 எம்ஏஹெச் என்று கவர்ச்சி காட்டும், ஆனால் 2100 முறைக்குப் பதிலாக 500 முறைதான் சார்ஜ் தாங்கும், எப்போதாவது எடுப்பவருக்கு வெள்ளை நிறச் சாதா ரகமே போதும்.

லித்தியம் அயானும் சும்மா கிடந்தால் அவ்வளவாக வடியாது, ஆனால் அதற்கு வேறு வியாதி. முழு சார்ஜில் சூட்டில் கிடந்தால் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், சுத்தமாகத் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் விட்டால் பாதுகாப்பு சர்க்யூட் கதவை அடைத்துக்கொள்ளும், சார்ஜர் அதை அடையாளமே காணாது. பாதி சார்ஜில் வைப்பதுதான் நல்லது. அலமாரியில் வைக்கும்போது இதையெல்லாம் யார் நினைக்கிறார்கள்.

அப்புறம், செத்துப்போனால் மாற்று எங்கே கிடைக்கும்? ஏஏ அளவு எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை, கேமரா இருக்கிற வரைக்கும் செல் கிடைக்கும். லித்தியத்தில் எல்லாம் மாடலைப் பொறுத்தது. என்பி-பிஎக்ஸ்1 அதிர்ஷ்டக்காரப் பேட்டரி, ஆர்எக்ஸ்100 வரிசையின் ஏழாவது மாடல் வரைக்கும் அதுவேதான், சோனியின் இசட்வி-1 கேமராவுக்கும் அதேதான், அதனால் ஒரிஜினல் இன்னும் கிடைக்கிறது. வரிசை நின்றுபோன கேமராவுக்கு டூப்ளிகேட்தான் கதி. அப்படி ஒரு டூப்ளிகேட்டை நானும் வாங்கினேன், மேலே 1600 எம்ஏஹெச் என்று போட்டிருந்தது. சோனியே 1240 அடைக்கிற அதே இடத்தில் 1600 எப்படி வரும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஒரிஜினலில் பாதிப் படம் எடுத்தது, ஏழாவது மாதம் லேசாக உப்பிக் கேமராவுக்குள் மாட்டிக்கொண்டது. நகத்தால் நெம்பி, கடைசியில் செல்லோடேப் ஒட்டி இழுத்து எடுத்தேன். கேமரா பிழைத்தது.

சார்ஜ் ஏற்றும் சௌகரியத்தில் சோனிக்குத்தான் ஓட்டு. போன் சார்ஜர் போதும், கேமராவுக்குள்ளேயே ஏறிவிடும், பவர் பேங்க் இருந்தால் ரயிலில்கூட. ஏஏ-க்குத் தனி சார்ஜர் தூக்க வேண்டும், அதிலும் மலிவு சார்ஜர்கள் இரண்டு இரண்டாகத்தான் ஏற்றும், ஒன்று முன்பே நிறைந்திருந்தாலும் மற்றது நிறையும் வரை இரண்டையும் சூடாக்கும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்து நிறுத்துகிற சார்ஜர்தான் வாங்க வேண்டும், இந்த இடத்தில் காசு மிச்சம் பிடித்தால் செல்லின் ஆயுளில் போகும். விமானத்தில் போகிறவர்கள், உதிரி லித்தியம் பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது.

இப்போது மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது, ஏஏ வடிவத்தில் லித்தியம் அயான், தலையிலேயே யூஎஸ்பி ஓட்டை. உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் வோல்டேஜைக் குறைத்து 1.5-லேயே நிறுத்தி வைக்கிறது. கேட்க அருமையாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் கடைசி நொடி வரை 1.5 காட்டிவிட்டு ஒரேயடியாக நின்றுவிடும், கேமராவுக்கு எச்சரிக்கக்கூட நேரமில்லை. நீட்டிய லென்ஸோடு கேமரா சாவதை ஒருமுறை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அது வேண்டாம்.

என் தேர்வைக் கேட்டால், தினமும் கையில் எடுப்பவருக்கு லித்தியம், கூடவே இன்னொரு ஒரிஜினல், டூப்ளிகேட் கண்டிப்பாக வேண்டாம். வருடத்துக்கு நாலு விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற வீட்டுக்கு ஏஏ கேமராவும் நாலு வெள்ளை எனலூப்பும். பெரியப்பாவுக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன். மார்க்கரால் இரண்டில் 'அ', இரண்டில் 'ஆ' என்று எழுதி, ஜோடி மாற்றாதீர்கள், ஒன்று முன்னே தீர்ந்தால் மற்றது அதைத் தலைகீழாக ஓட்டிக் கெடுத்துவிடும் என்றும் சொன்னேன். போன வாரம் போயிருந்தபோது டிவி ரிமோட்டைத் திறந்து பார்த்தேன், உள்ளே ஒரு 'அ', ஒரு 'ஆ'.